பேர்லினின் நாடகப் பருவமும் எங்கள் ஒருநாள் மேடையும்

நாடகம் பார்க்கப் போகிறேன் என்று எம்மவர் யாரிடமாவது சொன்னால் முதலில் வருகிற கேள்வி, "அவங்களின்ர மொழியில மூண்டு மணித்தியாலம் இருந்து என்னத்தைப் பாக்கிறது?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "ரிக்கற் என்ன விலை?" இந்த இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேர்லினில் தியேட்டர் வாசல்களில் மடித்த தாள் ஒன்று சும்மா எடுக்கக் கிடைக்கும். டொச் மொழியில் அதற்கு ஷ்பீல்பிளான் என்று பெயர். அந்த மாதம் எந்தெந்த நாள் என்ன நாடகம் என்கிற அட்டவணை. முதன்முதல் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிற எங்கள் ஆட்களுக்கு ஒரு விசயம் பிடிபடாது. ஒரே தியேட்டரில் திங்கள் ஒரு நாடகம், செவ்வாய் வேறொன்று, வியாழன் இன்னொன்று. அடுத்த கிழமை பார்த்தால் திங்கள் போட்டது சனிக்கிழமை திரும்பி வந்திருக்கும். லண்டன் வெஸ்ட் என்டில் அப்படியில்லை. அங்கே ஒரு நாடகம் ஓடத் தொடங்கினால், சனம் வருகிற வரைக்கும் அது ஒன்றுதான் தினமும் ஓடும். சனம் குறைந்தால் இழுத்து மூடிவிட்டு அடுத்ததைத் தொடங்குவார்கள்.

ஜேர்மன் முறை வேறு. நடிகர்கள் தியேட்டரில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள். அந்தக் கூட்டத்துக்கு என்சம்பிள் என்று பெயர். ஒரு பருவத்தில் புதிதாகச் சில நாடகங்களைப் பழகுவார்கள், முன்னைய வருடங்களில் பழகினவற்றையும் கையில் வைத்திருப்பார்கள். காலையில் மேடையில் புது நாடகத்துக்கு ஒத்திகை நடக்கும். மத்தியானம் தொழிலாளர்கள் வந்து அதைக் கழற்றிவிட்டு, இரவு நாடகத்துக்குரிய காட்சியமைப்பைப் பூட்டுவார்கள். இரவு நாடகம் முடிய அதையும் கழற்றுவார்கள். இப்படி ஆவணி புரட்டாதியில் தொடங்கி ஆனி ஆடி வரை போகும். இதைத்தான் ஷ்பீல்சைட், நாடகப் பருவம், என்கிறார்கள்.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது? ரிக்கற்றில் இருந்து வருவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சம் நகரமும் மாநிலமும் கொடுக்கிற பொதுப்பணம். நாடு முழுவதும் இப்படிச் சுமார் 140 பொதுத் தியேட்டர்கள் இருக்கின்றன. உணவகத்தில் கோப்பை கழுவின எங்கள் வரியும் அதற்குள் போயிருக்கிறது என்பதை ரிக்கற் விலை கேட்பவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தாளை நான் வாசிக்கிற விதம் வேறு. அதில் இருக்கிற பெயர்களில் யார் யார் அகதி என்று எண்ணிப் பார்ப்பது என் பழக்கம்.

ஷில்லரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் படித்த எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். 1782 ஜனவரி 13 இல் அவருடைய முதல் நாடகமான 'கொள்ளையர்' மன்ஹைம் நகரத் தியேட்டரில் மேடையேறியது. அவர் அப்போது வூர்ட்டெம்பேர்க் பிரபுவின் படையில் மருத்துவர், வயது 22. மன்ஹைம் அந்த நாளில் வேறு நாடு. அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிப் போய்த் தன் நாடகத்தைப் பார்த்தார். பிறகும் ஒருமுறை போய்ப் பிடிபட்டார். பிரபு அவரை இரண்டு கிழமை மறியலில் வைத்தார், இனி நாடகம் எழுதக்கூடாது என்றும் கட்டளை போட்டார். அந்த வருடம் செப்ரெம்பர் 22 இரவு ஷில்லர் ஒரு சிநேகிதனையும் கூட்டிக்கொண்டு ஸ்ருட்கார்ட் நகரைவிட்டு ஓடினார். இருவரும் பொய்ப் பெயரில் எல்லை கடந்தார்கள். பிறகும் பல மாதம் வேறு வேறு பெயர்களில் ஒளிந்திருந்தார். பெயர் மாற்றிப் பயணம் போவது நாங்கள் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் பேர்ட்டோல்ட் பிரெக்ட். 1933 பெப்ரவரி 27 இரவு ஜேர்மன் பாராளுமன்றக் கட்டிடம் எரிந்தது. மறுநாளே அவர் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் புறப்பட்டார். அடுத்த மே மாதம் அவருடைய புத்தகங்களை எரித்தார்கள். 1935 இல் குடியுரிமையைப் பறித்தார்கள். டென்மார்க், சுவீடன், பின்லாந்து என்று ஒவ்வொரு நாடாக யுத்தம் துரத்திக்கொண்டு வந்தது. 1941 இல் ஹெல்சிங்கியில் அமெரிக்க விசாவுக்காகக் காத்திருந்த கிழமைகளில் ஹிட்லரைச் சிக்காகோ நகரத்துச் சண்டியனாக உருமாற்றி 'ஆர்ட்டூரோ ஊயி' என்ற நாடகத்தை எழுதினார். எழுதினவர் உயிரோடு இருக்கும்வரை அது மேடையேறவில்லை. அவர் 1956 இல் இறந்தார், நாடகம் 1958 இல்தான் மேடை கண்டது. விசா வரும்வரை என்ன செய்வது என்று தெரியாமல் ஹெயிமில் கடுதாசி விளையாடிக்கொண்டிருந்த காலத்தை யோசித்துப் பார்க்கிறேன். இந்த மனிசன் அந்த நேரத்தில் இதைச் செய்திருக்கிறார்.

விசா வந்தது. சோவியத் யூனியனுக்குள்ளால் ரெயிலில் விளாடிவொஸ்தொக் வரை போய், அங்கிருந்து கப்பலில் கலிபோர்னியா. 1947 ஒக்ரோபர் 30 இல் அமெரிக்க விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டுக் கம்யூனிஸ்டா என்று கேட்டது. மறுநாளே விமானம் ஏறினார். 1948 இல் திரும்பவும் பேர்லின். அமெரிக்கர்களின் கட்டுப்பாட்டில் இருந்த ஜேர்மன் பகுதிக்குள்ளால் போக அனுமதி கிடைக்காமல் பிராக் வழியாகச் சுற்றித்தான் வந்து சேர்ந்தார். 1949 இல் மனைவி ஹெலேனா வைகலுடன் பேர்லினர் என்சம்பிள் நாடகக் குழுவைத் தொடங்கினார். 1954 இல் அந்தக் குழுவுக்கு ஷிப்பவர்டாம் ஆற்றங்கரைத் தியேட்டர் கிடைத்தது. 1928 இல் அவருடைய 'மூன்று காசு இசைநாடகம்' முதன்முதல் மேடையேறிய அதே கட்டிடம்.

எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் அந்தக் கட்டிடத்தைத் தாண்டி வந்திருக்கிறார்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில் ஜேர்மனிக்கு வந்தவர்களுக்கு அந்தப் பாதை நினைவிருக்கும். கிழக்கு பேர்லின் ஷேனெபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்ரிக்ஸ்ராசே ரெயில் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குள் போய் அசூல் அடிப்பது. 1985 ஜூலையில் கிழக்கு ஜேர்மனி அந்தப் பாதையைத் தமிழருக்கு அடைத்தது. அதற்குச் சில மாதம் முந்தி நானும் அந்த வழியால் வந்தவன். ரெயில் நிலையத்தைவிட்டு வெளிக்கிட்டதும் ஸ்பிரே ஆற்றுப் பாலம் வரும். வலது பக்கம் ஒரு கூரையின் உச்சியில் வட்டமான விளக்குப் பலகை ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஏதோ கொம்பனியின் விளம்பரம் என்று பக்கத்தில் இருந்த பெடியன் சொன்னான். அது பேர்லினர் என்சம்பிளின் பலகை. ஊரில் நாங்கள் பெயர் கேள்விப்பட்டிருந்த ஒரே ஜேர்மன் நாடகக்காரனின் வீட்டு வாசலால்தான் எங்களில் ஒரு தலைமுறை அகதியாக நுழைந்தது.

பெயர் கேள்விப்பட்டிருந்தோம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1967 இல் ஹென்றி ஜயசேன பிரெக்டின் 'கோக்கேசிய வெண்கட்டி வட்டம்' நாடகத்தைச் சிங்களத்தில் 'ஹுணுவட்டயே கதாவ' என்று போட்டார். இன்றைக்கும் சிங்களவர் மறக்காத நாடகம் அது. தமிழில், 1978 இல் க. பாலேந்திராவும் நண்பர்களும் தொடங்கிய அவைக்காற்று கலைக் கழகம் பிரெக்டின் 'விதிவிலக்கும் விதியும்' நாடகத்தை 'யுகதர்மம்' என்று மேடையேற்றியது. மொழிபெயர்த்தவர் நிர்மலா நித்தியானந்தன். பாலைவனத்தில் தண்ணீர்ப் போத்தலை நீட்டின கூலியை, அவன் கல்லால் அடிக்க வருகிறான் என்று நினைத்து முதலாளி சுட்டுக் கொல்கிறான். நீதிமன்றம் முதலாளியை விடுதலை செய்கிறது. கூலிக்கு முதலாளிமேல் கோபம் இருந்திருக்கத்தானே வேண்டும், ஆகவே முதலாளி பயந்தது நியாயம் என்பது தீர்ப்பு. அந்த நாளைய இலங்கையில் இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. அந்த நாடகம் ஒரு மேடையோடு நிற்கவில்லை. ஊர் ஊராகத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அதனால்தான் இன்றைக்கும் எங்கள் வயதுக்காரர் கதைக்கிறார்கள்.

நான் சொல்ல வந்த விசயம் இந்தத் 'திரும்பத் திரும்ப' என்ற சொல்லில்தான் இருக்கிறது. அதற்குப் போவதற்கு முன் இன்னும் இரண்டு பேர்லின் கதைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, யூதர்களின் நாடகக் கதை. 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களுக்குள் யூத நடிகர், இசைக்காரர், இயக்குநர் எல்லோரையும் அரச மேடைகளில் இருந்து துரத்தினார்கள். துரத்தப்பட்டவர்கள் கூடி யூதக் கலாசாரச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். தலைவர் குர்ட் சிங்கர், மருத்துவரும் இசை நடத்துநரும். நாஸி அரசு அதற்கு அனுமதி கொடுத்தது, தன் வசதிக்காக. நடிப்பவரும் யூதர், பார்ப்பவரும் யூதர், மாதச் சந்தா கட்டின அங்கத்தவர் மட்டும் வரலாம் என்பது நிபந்தனை. வெளிநாட்டுக்குக் காட்டவும் அது உதவியது: பாருங்கள், நாங்கள் இவர்களைத் தடுக்கவில்லையே என்று.

1933 ஒக்ரோபர் 1 இல் சார்லொட்டன்ஸ்ராசேயில் இருந்த ஒரு தியேட்டரில் அவர்களுடைய முதல் நாடகம். எதைத் தெரிந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? லெஸ்ஸிங் எழுதிய 'ஞானி நாத்தான்'. யூதர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் மூவரும் ஒரே குடும்பம் என்று முடிகிற நாடகம். லெஸ்ஸிங்கிற்கும் அதை எழுத ஒரு காரணம் இருந்தது. மதம் பற்றிய விவாதங்களை இனி அனுமதியின்றி அச்சிடக்கூடாது என்று பிரவுன்ஷ்வைக் பிரபு 1778 இல் தடுத்தார். கட்டுரையில் சொல்ல முடியாததை அவர் நாடகமாக்கி 1779 இல் வெளியிட்டார். 1933 மேடையில் முடிவை மட்டும் கொஞ்சம் மாற்றினார்கள். எல்லோரும் கட்டித்தழுவுவதோடு முடியாமல், கடைசியில் நாத்தான் தனியே மேடையில் நிற்பான். வசனத்தில் கைவைக்காமலே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சங்கம் எட்டு வருடம் பருவம் தவறாமல் நாடகம் போட்டது. ஒவ்வொரு பிரதியும் தணிக்கைக்குப் போய் வர வேண்டும். முதலில் ஷில்லரை யூதர் நடிக்கக்கூடாது என்றார்கள், பிறகு கேதேயை. 1938 நவம்பரில் யூதக் கோவில்கள் எரிந்து இரண்டு கிழமைகூட ஆகாத நிலையில், தியேட்டரைத் திறந்து நாடகம் போடுங்கள் என்று மேலிடத்துக் கட்டளை வந்தது. நடித்தார்கள். 1941 செப்ரெம்பர் 11 இல் சங்கத்தைத் தடை செய்தார்கள். அடுத்த மாதமே பேர்லினில் இருந்து கிழக்கு நோக்கி ரெயில்கள் புறப்படத் தொடங்கின. நடித்தவர்களும் பார்த்தவர்களுமாகப் பெரும்பகுதியினர் திரும்பி வரவில்லை. குர்ட் சிங்கர் 1944 இல் தெரேசியன்ஸ்ராட் முகாமில் இறந்தார்.

அந்தக் குழுவில் நடித்தும் இயக்கியும் கடைசிக் காலத்தில் அதைத் தலைமை தாங்கியும் இருந்த ஒருவர் பிரிட்ஸ் விஸ்ரன். மனைவி யூதர் அல்லாதவர் என்ற காரணத்தால் தப்பினார். 1945 மே மாதம் யுத்தம் முடிந்தது. நகரம் கற்குவியல். சனத்துக்குச் சாப்பாடு இல்லை. நாலு மாதத்தில், செப்ரெம்பர் 7 இல், டொச்செஸ் தியேட்டர் முழுமையாகத் தன் பருவத்தைத் திறந்தது. இயக்கியவர் இந்த விஸ்ரன். நாடகம் மறுபடியும் 'நாத்தான்'. நாஸி காலத்தில் ஜேர்மன் மேடைகளில் இல்லாமல் போன அந்த நாடகம், யூதச் சங்கத்தின் மேடையில் கடைசியாக மூச்சுவிட்டு, அந்தச் சங்கத்து மனிதர் ஒருவரின் கையால் திரும்பி வந்தது. விஸ்ரன் பிறகு ஷிப்பவர்டாம் தியேட்டரை நடத்தினார். 1954 இல் அதைப் பிரெக்டின் குழுவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, திருத்திக் கட்டப்பட்ட போக்ஸ்பூன தியேட்டருக்குத் தலைவராகப் போனார்.

போக்ஸ்பூன என்றால் மக்கள் மேடை. அது இரண்டாவது கதை. 1890 இல் பேர்லினில் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு நாடகச் சங்கம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் பொது மேடைக்குப் பொலிஸ் தணிக்கை இருந்தது. சங்கத்து அங்கத்தவருக்கு மட்டும் நாடகம் என்றால் தணிக்கை தொட முடியாது. அந்த ஓட்டைக்குள்ளால் நுழைந்தார்கள். ஞாயிறு மத்தியானம் நாடகம், அரை மார்க் கட்டணம். எந்த இருக்கை என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பார்கள். பணக்காரனுக்கு முன்வரிசை, ஏழைக்குக் கூரைக்குக் கீழே என்ற வழக்கமே அங்கே இல்லை. முதல் நாடகம் இப்சனுடையது, 1890 ஒக்ரோபர் 19. வாடகை மேடைகளில் நடத்திக்கொண்டே அங்கத்தவரிடம் சில்லறை சில்லறையாகக் காசு சேர்த்தார்கள். இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு, 1914 டிசம்பர் 30 இல், சொந்தக் கட்டிடம் திறந்தார்கள். குண்டு விழுந்து உடைந்து திருத்திக் கட்டிய அந்தக் கட்டிடத்தை நீங்கள் இன்றைக்கும் றோசா லுக்சம்பேர்க் சதுக்கத்தில் பார்க்கலாம்.

தொழிலாளருக்கும் யூதச் சங்கத்துக்கும் இருந்த ஒற்றுமையைக் கவனியுங்கள். இரண்டும் அங்கத்தவர் சந்தாவில் நின்றன. இரண்டும் ஒரு நாடகத்தைப் பழகினால் அதைப் பல இரவு போட்டன. அங்கத்தவர் அதிகமாக அதிகமாக, ஒரு கூட்டம் பார்த்துவிட்டுப் போக அடுத்த கூட்டம் வரும். அதற்காக நாடகம் திரும்பத் திரும்ப ஆடப்படும். ஆட ஆட நடிகனுக்குப் பிடி கிடைக்கும். பிரெக்டின் 'தாய் கரேஜ்' 1941 இல் சூரிச்சில் அகதி நடிகர்கள் நிறைந்த ஒரு தியேட்டரில் முதன்முதல் மேடையேறியது. 1949 ஜனவரியில் வைகல் நடித்து பேர்லினுக்கு வந்தது. அதன்பின் பேர்லினர் என்சம்பிள் அதை நானூறு தடவைக்கு மேல் போட்டது. 'ஆர்ட்டூரோ ஊயி' 1995 இல் ஹைனர் முல்லர் இயக்கத்தில் வந்தபோது அதுவும் நானூறைத் தாண்டியது. முல்லர் அந்த வருடக் கடைசியிலேயே இறந்துபோனார். நாடகம் நிற்கவில்லை.

சரி, இது பணக்கார நாட்டுக் கதை, எங்களுக்கு ஒத்துவராது என்று சொல்வீர்கள். அங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் காங்கேசன்துறை வசந்த கான சபாவை யாருக்குத் தெரியாது? நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டம் ஆயிரக்கணக்கான தடவை மேடையேறியது என்பார்கள். சரியான கணக்கு யாரிடமும் இருக்காது, ஆனால் எண்ணிக்கை பெரிது என்பதில் சந்தேகமில்லை. கோவில் திருவிழாக் காலம் முழுக்க ஒவ்வொரு ஊராகப் போவார்கள். இன்றைக்கு மயான காண்டம், நாளைக்கு வேறு ஊரில் நந்தனார், அடுத்த நாள் சத்தியவான் சாவித்திரி. கதை எல்லோருக்கும் தெரியும். வசனமும் பாட்டும்கூடத் தெரியும். வைரமுத்து இன்றைக்கு அந்தச் சுடலைக் காட்சியை எப்படிச் செய்யப் போகிறார் என்று பார்க்கத்தான் பாயைச் சுருட்டிக்கொண்டு சனம் போகும். இதற்கு என்ன பெயர்? ஒரு குழு, கையில் பல நாடகம், ஒரு பருவம், திரும்பத் திரும்ப ஆட்டம். பேர்லினில் இருப்பதும் அதுதானே! அரசாங்கக் காசு ஒரு சதம் இல்லாமல் எங்களிடம் இருந்தது.

நவீன நாடகக்காரரும் அந்த வழியில்தான் போனார்கள். 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 1985 இல் அவர் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' பல்கலைக்கழக மண்டபத்தோடு நிற்காமல் கிராமம் கிராமமாகப் போனது. ஊர்களில் பார்த்தவர்கள் அழுததையும், முடிந்த பிறகு எழும்பிப் போகாமல் இருந்து கதைத்ததையும் அங்கிருந்து வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

வைரமுத்து 1989 இல் காலமானார். அடுத்த வருடம் காங்கேசன்துறையும் அதைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு ஊர்களும் இடம்பெயர்ந்தன. அந்தக் கோவில் வீதிகள் பல வருடம் இராணுவ வேலிக்குள் கிடந்தன. பார்வையாளரே ஊரோடு கலைந்து போனார்கள். ஒரு மேடை அழிந்தால் வேறு மேடை கட்டலாம். பாயைச் சுருட்டிக்கொண்டு வருகிற சனம் நாலாபக்கமும் சிதறினால் என்ன செய்வது?

அந்தச் சனத்தில் ஒரு பகுதிதான் ஜேர்மனியில் இருக்கிறது. நாங்கள் என்ன செய்தோம்? நாடகம் போட்டோம். போடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எப்படிப் போட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

1982 ஆம் ஆண்டு அசூல் சட்டப்படி, வழக்கு முடியாதவன் தன் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டுவதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் உர்லவுப் துண்டு எடுக்க வேண்டும். 2015 இல்தான் இந்த விதி பெருமளவு தளர்ந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஆறு பேர் ஒரு நாடகம் பழகினோம். ஆறு பேரும் மூன்று மாவட்டம். எங்கள் சின்ன நகரத்து அலுவலர், "நாடகம் பழகுவது அவசர காரணம் இல்லை" என்று துண்டைத் தர மறுத்தார். சட்டத்தில் அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். அதனால் இரண்டு பேர் தங்கள் பகுதி வசனத்தை ரெலிபோனில் பழகினார்கள். பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று ஒருத்தர் உரத்து அழுது வசனம் பேச, வெளியில் நின்ற ஜேர்மன் கிழவி பயந்துபோய் உதவி வேண்டுமா என்று கேட்டிருக்கிறா. நாலு மாதம் இப்படிப் பழகினோம்.

மேடையேறியது ஒரே ஒரு நாள். விளையாட்டு மண்டபம் ஒன்றில் ஆண்டு விழா. மத்தியானம் தொடங்கிய நிகழ்ச்சியில் நடனம், பாட்டு, பேச்சு, பரிசளிப்பு, மறுபடி பேச்சு. எங்கள் முறை வரும்போது இரவு ஒன்பதரை. கடைசி ரெயிலுக்குப் போகிறவர்கள் எழும்பிக்கொண்டிருந்தார்கள். ஒலிவாங்கி இரண்டுதான், அதில் ஒன்று இரைந்துகொண்டேயிருந்தது. நாற்பது நிமிட நாடகத்தை முப்பது நிமிடத்தில் முடியுங்கள் என்று சீட்டு வந்தது. முடித்தோம். கைதட்டினார்கள். வேட்டி சேலைகளை மடித்துப் பையில் வைத்தோம். அதற்குப் பிறகு அந்த நாடகம் எங்கேயும் நடக்கவில்லை. பிரதிகூட இப்போது யாரிடமும் இல்லை. படம் பிடித்த வீடியோ நாடா கொஞ்சக் காலம் இருந்தது, பிறகு பூஞ்சணம் பிடித்துவிட்டது.

இது எங்கள் ஒரு குழுவின் கதை மாத்திரம் அல்ல. ஜேர்மனி முழுக்க எத்தனை மண்டபத்தில், எத்தனை விழாவில், எத்தனை நாடகம் இப்படி ஒரு நாள் பிறந்து அந்த நாளே செத்தது என்று யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. நாங்கள் இந்த நாட்டில் என்ன பட்டோம், எதற்குப் பயந்தோம், எதற்குச் சிரித்தோம் என்பதெல்லாம் அந்த நாடகங்களில்தான் இருந்தது. கதை, கவிதை எழுதினவர்களுடையது சஞ்சிகையிலாவது கிடக்கிறது. நாடகம் ஆடப்படாத நாளில் எங்கேயும் இல்லை.

ஆட்கள் சிதறி இருக்கிறோம், சனத்தொகை காணாது என்று ஒரு நியாயம் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் பேர்லினில் துருக்கியர் 1984 இல் 'தியாத்ரோம்' என்று தங்கள் மொழிக்கு ஒரு தியேட்டர் தொடங்கினார்கள். ஷெர்மின் லாங்கோவ் 2008 இல் கிரொய்ஸ்பேர்க்கில் ஒரு சின்ன மேடையில் குடியேறியவர்களின் பிள்ளைகளுடைய கதைகளைப் போடத் தொடங்கி, 2013 இல் மாக்சிம் கோர்க்கி தியேட்டருக்குத் தலைவியானார். 2016 இல் அங்கே சிரியா, ஆப்கானிஸ்தான், பாலஸ்தீன அகதி நடிகர்களுக்கு ஒரு குழுவே அமைத்தார்கள். துருக்கியருக்குத் தொகை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். லண்டனில் பாலேந்திரா தம்பதியினர் அவைக்காற்று கலைக் கழகத்தைத் திரும்ப உயிர்ப்பித்து, பழகின நாடகங்களைத் தூக்கிக்கொண்டு ஐரோப்பிய நாடுகளுக்கும் போனார்களே. அவர்களிடம் என்ன கட்டிடம் இருந்தது? கையில் நாடகங்கள் இருந்தன, அவ்வளவுதான்.

ஜேர்மன்காரரின் ஏற்பாடும் சாகாவரம் பெற்றதல்ல. 1993 இல் பேர்லின் அரசு காசில்லை என்று ஷில்லர் தியேட்டரை மூடியது. 2024 கடைசியில், அடுத்த வருடத்துக்கான கலாசாரச் செலவில் சுமார் 130 மில்லியன் யூரோவை வெட்டியது. நடிகர்கள் தெருவில் நின்றார்கள். பொதுப்பணத்தில் நிற்கிற மேடை, பொதுப்பணம் சுருங்கினால் ஆட்டம் காணும். 1890 இன் தொழிலாளர்கள் அரை மார்க் கொண்டுவந்து தொடங்கிய விதம் எங்களுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது என்று நான் நினைப்பது அதனால்தான்.

ஆகவே விழாக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு வருடம் புது நாடகம் வேண்டாம். போன வருடம் உங்கள் நகரத்தில் போட்டதையே எடுங்கள். அதே ஆட்கள், அதே உடுப்பு. உங்கள் நகரத்தில் ஒரு நாள், பக்கத்து நகரத்தில் ஒரு நாள், எல்லை தாண்டி சுவிசிலோ ஒல்லாந்திலோ ஒரு நாள். இப்போது உர்லவுப் துண்டு தேவையில்லை. அந்த இரவு நாடகம் மட்டும் இருக்கட்டும், பேச்சும் பரிசளிப்பும் வேறொரு நாளைக்குப் போகட்டும். ஐந்து யூரோ ரிக்கற் போடுங்கள், இருக்கையைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். பிரதியைத் தட்டச்சு செய்து நாலு பேருக்கு அனுப்பி வையுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளில் யாராவது டொச்சில் மொழிபெயர்த்தால் இன்னும் நல்லது.

தொண்ணூறுகளில் ஜேர்மனியில் தமிழ் நாடகம் நடித்தவர்கள், பார்த்தவர்கள் இதை வாசித்தால் அந்த நாடகத்தின் பெயர், எந்த நகரம், எந்த வருடம், கதை என்ன என்று நினைவிருப்பதை எழுதி அனுப்புங்கள். ஒருவேளை எங்காவது ஒரு அலுமாரியில் பிரதியும் இருக்கலாம். வருகிறதையெல்லாம் வருட வாரியாக ஒழுங்குபடுத்தி ஒரு அட்டவணையாகப் போடுவேன். நடந்து முடிந்த பருவங்களின் ஷ்பீல்பிளான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.